ஆண்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையா? வேலூர் பக்கத்து வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. வீட்டு சிஸ்டத்தில் வரும் தொல்லை மட்டும் பிரியவில்லை. சத்துவாச்சாரியில் கேட்பதையேதான் குடியாத்தத்திலும் கேட்கிறார்கள். அப்டேட் நின்றுவிட்டால் உடனே ஆண்டிவைரஸைத் தூக்கிவிட்டு மறுபடி போடுவது, அதுவும் சரிவராவிட்டால் ஃபார்மேட் அடிப்பது என்பதுதான் பொது வழக்கம். பெரும்பாலும் குற்றம் ஆண்டிவைரஸில் இருப்பதே இல்லை. சிஸ்டமா, லைனா, லைசன்ஸா என்று முதலில் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே வரும் பதில்கள் விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கானவை. பழைய விண்டோஸுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

"அப்டேட் ஃபெயில்டு" என்று சிவப்பாக வருகிறது சார். முதலில் எதைத் தொட வேண்டும்?

எதையும் தொட வேண்டாம். வலது கீழ் மூலையில் தேதியையும் மணியையும் பாருங்கள். வருடம் சரியாக இருக்கிறதா? சரி என்றால், வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டுக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் சிஸ்டத்தை இணைத்து அப்டேட் கொடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் ஆகிவிட்டால் சிஸ்டமும் ஆண்டிவைரஸும் நன்றாகத்தான் இருக்கின்றன, பழுது மோடத்திலோ லைனிலோ இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் ஆகவில்லை, ஆனால் வீட்டில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் அதே ஆண்டிவைரஸ் அப்டேட் ஆகிறது என்றால் பழுது இந்த சிஸ்டத்துக்குள். இரண்டிலும் ஆகவில்லை என்றால் நிறுவனத்தின் சர்வரில் ஏதோ நடக்கிறது என்று கொள்ளலாம். அன்று சாயங்காலம் வரை விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். கல்யாண வீடியோவை எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருந்தால் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கும். அப்டேட் இறங்கும், விரிய இடமில்லாமல் தோற்கும். வரும் பிழைச் செய்தி மட்டும் நெட் கோளாறு போலவே இருக்கும்.

தேதி தப்பாக இருந்தால் ஆண்டிவைரஸுக்கு என்ன? அது ஏன் நிற்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் அதிகம் பார்க்கும் பழுது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்டேட் எங்கிருந்து வருகிறதோ அந்த சர்வர், தான் உண்மையான நிறுவனம்தான் என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழுக்கு "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று ஆயுள் உண்டு. உங்கள் சிஸ்டம் 2009-ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணக்குப் போட்டுத் தொடர்பை வெட்டிவிடும். குரோமில் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஒரு பக்கம் வருகிறதே, அதற்கும் இதுதான் காரணம். லைசன்ஸ் நாளையும் இதே கடிகாரத்தை வைத்துத்தான் பல மென்பொருள்கள் பார்க்கின்றன. தேதி முன்னே போய்விட்டால், நேற்று வாங்கிய லைசன்ஸ்கூட "முடிந்துவிட்டது" என்று காட்டும்.

தேதி ஏன் தவறுகிறது? மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவது வழக்கம். மின்கட்டணத்துக்கும் இடிமின்னலுக்கும் அது நல்ல பழக்கம்தான், ஆனால் அணைத்திருக்கும் நேரம் முழுக்கக் கடிகாரம் அந்த பேட்டரியைத்தான் தின்கிறது. சில வருடம் ஆன அசெம்பிள்டு சிஸ்டத்தில் அது செத்துப்போயிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்று தேதியைச் சரிசெய்கிறீர்கள், நாளைக் காலையில் திரும்பவும் பழைய வருடம் வருகிறது என்றால் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும். வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதை மெல்ல நெம்பி எடுத்து, பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் பட்டனை ஆன் செய்யுங்கள். டைம் ஜோன் பட்டியலில் 05:30 என்று சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி சேர்ந்து வரும் வரிதான் நம்முடையது. மணி சரியாகத் தெரிந்தாலும் ஜோன் தப்பாக இருந்தால் உள்ளே கணக்கு தப்பாகவே ஓடும்.

ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் ஆகிறது, வீட்டு பிராட்பேண்டில் மட்டும் ஆகவில்லை. கேபிள்காரர் "லைன் கிளியர்" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியாதவரை அவர் பார்வையில் லைன் கிளியர்தான். வெளிச்சம் வந்து சேர்கிறதா என்பதை மட்டுமே அந்த விளக்கு சொல்லும். அதற்கு மேல் மூன்று இடத்தில் சிக்கல் இருக்கலாம்.

ஒன்று, டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் வேலை அதனுடையது. இணைப்பு தருபவரின் டிஎன்எஸ் திணறினால் சில பெயர்கள் மட்டும் கிடைக்காமல் போகும். நெட்வொர்க் செட்டிங்ஸில் உங்கள் வைஃபையைத் திறந்து, டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் எடிட் கொடுத்து, ஐபிவி4-இல் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். 9.9.9.9 என்பதும் ஒன்று. அது தீங்கான தளங்கள் என்று தெரிந்தவற்றின் முகவரியைத் தர மறுத்துவிடும். வீட்டில் பிள்ளைகள் கண்டதையும் கிளிக் செய்கிறார்கள் என்றால் நான் இதையே போடச் சொல்வேன்.

இரண்டு, மோடத்துக்குள்ளேயே யாராவது டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கலாம். இது கற்பனை இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளின் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் நெட் ஒரேயடியாக அறுந்துபோகாமல் இருக்க, அந்த சர்வர்களுக்குப் பதிலாக நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. மோடத்தின் பக்கத்தை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் திறந்து பாருங்கள். நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் இன்னும் "அட்மின், அட்மின்" என்றே இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். மாட்டிவிட்டுப் போனவர் மாற்றியிருப்பார் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது யாரும் சந்தேகப்படாத இடம், எம்டியு, அதாவது ஒரு தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ லைன்களில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 8 பைட் அந்த இணைப்புக்கே போய்விடும். அதனால் வழக்கமான 1500-க்குப் பதில் 1492 தான் கொள்ளும். மோடத்தில் 1500 என்று இருந்தால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய இறக்கம் பாதியில் உறையும். "யூடியூப் ஓடுது சார், அப்டேட் மட்டும் 12 சதவீதத்திலேயே நிக்குது" என்பது இதன் அடையாளங்களில் ஒன்று. மோடத்தின் பக்கத்தில் வேன் (WAN, வெளி இணைப்பு) என்ற பகுதியில் எம்டியு-வை 1492 ஆக்கிச் சேமித்து, மோடத்தை அணைத்துப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மோடத்தின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியைக் குத்திவிடாதீர்கள். பிபிபிஓஇ விவரம் எல்லாம் அழிந்துபோகும். அது உங்கள் கையில் இல்லையென்றால் நெட்காரர் வரும்வரை வீடு முழுக்க நெட் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் மோசம்.

எல்லா சைட்டும் திறக்கிறது. ஆண்டிவைரஸ் கம்பெனி சைட் மட்டும் திறக்கவில்லை. ஏன்?

இது நல்ல அறிகுறி இல்லை. உள்ளே ஏதோ உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இறுதியில் பரவிய கான்ஃபிக்கர் புழு இதைத்தான் செய்தது. ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர் வரும் முகவரிகளையும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் முகவரிகளையும் திறக்கவிடாமல் செய்தது. வீட்டுக்குள் புகுந்த திருடன் முதலில் நாய்க்குச் சோறு போகாமல் பார்த்துக்கொள்வது மாதிரி.

பார்க்க வேண்டிய இடம் இரண்டு. செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி. பிராக்ஸி என்பது உங்களுக்கும் நெட்டுக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகு சர்வர். அங்கே கையால் அமைக்கும் பிராக்ஸி ஆன் ஆகியிருந்து, நீங்கள் போடாத முகவரி இருந்தால் அணைத்துவிடுங்கள். கம்பெனி லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஆபீஸ் பிராக்ஸியே தங்கியிருக்கலாம், அது வேறு கதை. அடுத்து ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற ஃபோல்டரில் இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதை எடுங்கள். முன்னால் # குறி இல்லாமல், 127.0.0.1 என்ற எண்ணுக்கு எதிரே ஆண்டிவைரஸ் தளத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்த வரியை அழித்துவிட வேண்டும். அந்த எண் உங்கள் சிஸ்டத்தையே குறிப்பது. தளத்தைத் தேடிப் போகும் ஒவ்வொரு அழைப்பும் வாசலிலேயே திரும்பி வந்துவிடும்.

இந்த வரிகளை எழுதியது வைரஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "லைஃப் டைம் கிராக்" என்று சொல்லி இலவசமாகப் போட்டுக் கொடுத்த மென்பொருளும் எழுதும், திருட்டு லைசன்ஸ் நிறுவனத்தோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக. கிராக் போட்ட ஆண்டிவைரஸ் என்பது அப்டேட் ஆகாத ஆண்டிவைரஸ்தான். அதற்கு ஒன்றுமே போடாமல், விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டரை ஓடவிடலாம்.

அழித்த பிறகும் அந்த வரி திரும்ப முளைத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள், சிஸ்டம் தானே அணைந்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கின்றன, 2017-இல் தொடங்கியது. அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு ஆண்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. ஒன்றின் வேலையை இன்னொன்று சந்தேகப்பட்டுத் தடுக்கும், சிஸ்டம் நடக்கவே மறுக்கும். வேறொன்று போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது பழுதில்லை. பழையதை எடுக்கும்போது டெலீட் செய்யாமல் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

டிஃபெண்டரே போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பாங்க் வேலை, பிள்ளைகள் படிப்பு, கொஞ்சம் சினிமா என்று ஓடும் வீட்டுக்கு டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதவரை. பென்டிரைவ் நிறையப் புழங்கும் வீடு, கணக்கு வழக்கு எல்லாம் ஒரே சிஸ்டத்தில் இருக்கும் வீடு என்றால் காசு கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. புனேயின் குவிக் ஹீல் இங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். 1991-இல் தொடங்கிய கே7 நம் சென்னை நிறுவனம். எதுவானாலும் பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஆக்டிவேட் செய்த மின்னஞ்சலையும் கீயையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஃபார்மேட் அடித்த பிறகு "கீ ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், அந்த மின்னஞ்சலைச் சொல்லித்தான் வாடிக்கையாளர் சேவையில் மீட்க முடியும்.

எங்கள் வீட்டில் பிராட்பேண்டே இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். அப்டேட் வரவே மாட்டேன் என்கிறது.

அந்த ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் "மீட்டர்டு" என்று குறித்திருக்கும். டேட்டா தீர்ந்துவிடுமே என்று உங்கள் நன்மைக்காகவே இறக்கத்தை நிறுத்தி வைக்கிறது. வைஃபை பெயரைத் திறந்து மீட்டர்டு கனெக்ஷனை ஆஃப் செய்யுங்கள். அன்றைய டேட்டா கணக்கு முடிய இன்னும் சில மணி நேரம்தான், மீதம் நிறைய இருக்கிறது என்றால் இரவில் செய்வது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் அப்டேட் கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்ளவும் தருகின்றன. நெட் இருக்கும் வீட்டில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டலாம். 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து இறக்குங்கள்.

ஆண்டிவைரஸ் போட்டதிலிருந்து பிரிண்டர் வேலை செய்யவில்லை. கடை சிஸ்டத்திலிருந்து வீட்டு டேலியும் திறக்கவில்லை.

லாங் பஜாரில் கடை, மாடியில் வீடு என்று இருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி. ஆண்டிவைரஸோடு வந்த புது ஃபயர்வால், அதாவது நெட்டில் வந்துபோவதைக் கவனிக்கும் காவல், உங்கள் வைஃபையைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டு, மற்ற சிஸ்டங்களின் கண்ணில் படாமல் உங்களை மறைத்துவிட்டது. நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த வைஃபையை "பிரைவேட்" ஆக்குங்கள். ஆண்டிவைரஸுக்குள்ளும் ஃபயர்வால் பகுதியில் இதே கேள்வி தனியாக இருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதம் பரவியது, ஃபைல் பகிர்வதற்கான வாசல் வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

இதற்கு நேர்மாறாக, சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்களும், காட்பாடிப் பக்கம் பிஜியில் இருக்கும் மாணவர்களும் அங்குள்ள வைஃபையைப் "பப்ளிக்" என்றே வைத்திருக்க வேண்டும். லாட்ஜ் வைஃபையில் அப்டேட் வரவில்லை என்றால் முதலில் பிரவுசரைத் திறந்து அறை எண்ணோ ஓடிபியோ கேட்கும் பக்கத்தை முடியுங்கள். அதுவரை வெளியே எதுவும் போகாது.

பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி, விண்டோஸ் 7. அப்டேட் ஆகுமா?

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன, நல்ல உழைப்பாளிகள். ஆனால் விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. எந்த ஆண்டிவைரஸ் போட்டாலும் அடித்தளத்தில் இருக்கும் ஓட்டை ஓட்டைதான். பாங்க் வேலைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுத் தட்டச்சுப் பழகவும் பாடம் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் அப்டேட்டை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. "அப்டேட் வருதே, அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். பட்டியல் வருவது வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைப்பது வேறு.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. கெட்டுப்போயிருக்குமா?

வைரஸ் பட்டியல் மட்டும் என்றால் பயமில்லை, திரும்ப அப்டேட் கொடுத்தால் போதும். திரும்பத் திரும்பத் தோற்றால் ஆண்டிவைரஸின் ரிப்பேர் பட்டனை அழுத்துங்கள். விண்டோஸ் அப்டேட் நடுவே போனால்தான் தலைவலி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கும் நாளில் காலையில் பெரிய அப்டேட்டைத் தொடங்காதீர்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இருந்தாலும் மோடத்துக்கு இருக்காது, அதற்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது முழு ஸ்கேனைப் பகல் இரண்டு மணிக்குப் போடாமல் விடியற்காலையில் போடுங்கள். தூசி அடைந்த விசிறியோடு சூடேறித் தானாக அணையும் சிஸ்டத்தை வைரஸ் என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

"உங்கள் கணினியில் 5 வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வருகிறது.

அழைக்காதீர்கள். எந்த ஆண்டிவைரஸ் நிறுவனமும் திரை முழுக்க எண்ணைப் போட்டுக் கூப்பிடச் சொல்லாது. எஃப்11 அழுத்தி முழுத்திரையிலிருந்து வெளியே வந்தோ, டாஸ்க் மேனேஜரிலோ பிரவுசரை மூடுங்கள். மூலையில் அடிக்கடி எட்டிப் பார்த்தால் அது ஏதோ தளத்துக்கு நீங்கள் "அலௌ" கொடுத்த நோட்டிஃபிகேஷன், பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தை நீக்கிவிடலாம். ஏற்கெனவே அழைத்து, தூரத்திலிருந்தே உங்கள் சிஸ்டத்தை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாங்க் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அப்டேட் ஆகிவிட்டது என்கிறது. உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்ஷன் அப்டேட்ஸ் திறந்தால் கடைசித் தேதியும் மணியும் இருக்கும். டிஃபெண்டருக்கு ஒரு நாளில் பலமுறை அப்டேட் வரும். ஆகவே போன வாரத் தேதி இருந்தால் எங்கோ அடைப்பு. இன்னும் உறுதியாகப் பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்து, தீங்கே செய்யாது, ஆனால் எல்லா ஆண்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்று பொது ஒப்பந்தம். ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறங்கியதும் அலறினால் காவல் ஓடுகிறது.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது.

கோப்புகள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட் எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், அதைத்தான் வைரஸ் எதிர்பார்க்கிறது. ஆண்டிவைரஸை அப்டேட் செய்துவிட்டு, பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ போய் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும். சில வைரஸ்கள் அவற்றை சிஸ்டம் கோப்பு போலவும் குறித்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கை எடுங்கள். வேண்டியதை மட்டும் சிஸ்டத்துக்கு நகலெடுத்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த முறை பிரிண்ட் எடுக்கப் போகும்போது அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் பென்டிரைவே தேவைப்படாது.